ஓய்வு பெற்ற தொலைக்காட்சி நகைச்சுவை நடிகையின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: கானி பூத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தொலைக்காட்சியில் ஒரு தலைமுறையையே சிரிக்க வைத்துவிட்டுப் பின்னர் தாமாகவே நடிப்பிலிருந்து விலகிக்கொண்ட ஒரு நடிகையைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும், ‘இவர் இப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் தெரியுமா?’ என்ற தலைப்புத்தான் முதலில் கைக்கு வரும். அந்தத் தலைப்பை ஒதுக்கி வைப்பதிலிருந்துதான் ஒரு நல்ல வாழ்க்கைக் கட்டுரை தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படி ஒதுக்கி வைத்த பிறகு எதை எழுதுவது, தகவலை எங்கே தேடுவது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பவற்றை ஒரு மெய்யான வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இங்கு நோக்கம்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது கானி பூத்தை. ஒரு விடுதியில் நடக்கும் பிபிசியின் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ நகைச்சுவைத் தொடரில் பாலி என்ற பணிப்பெண்ணாக நடித்தவர் அவர்; அந்தத் தொடரின் எல்லா எபிசோடுகளையும், அப்போது அவருடைய கணவராக இருந்த நடிகர் ஜான் கிளீஸுடன் சேர்ந்து எழுதத் தொடங்கியவரும் அவரே. மொத்தம் 12 எபிசோடுகள் மட்டுமே வந்த அந்தத் தொடரை, 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட நூறு சிறந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியல் முதலிடத்தில் வைத்தது. ஆனால் அதை எழுதிய இருவரில் ஒருவர், 1990-களின் நடுவில் நடிப்பை விட்டுவிட்டு, லண்டனில் உளச்சிகிச்சையாளராகத் தொழில் செய்யத் தொடங்கினார். தொடரைப் பற்றிப் பல்லாண்டுகள் பேட்டி எதுவும் கொடுக்காமல் இருந்தார். இதனால் நேர்ந்த விளைவு ஒன்று உண்டு. அவரைப் பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை கிளீஸின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து கிள்ளியெடுத்த ஒரு பத்தியைப் போலவே இருக்கின்றன: பிறந்தார், கிளீஸை மணந்தார், பாலியாக நடித்தார், மணமுறிவு ஆயிற்று, பிறகு ‘மறைந்துபோனார்’. பேசாமல் இருப்பவரின் பங்கைப் பேசுகிறவர்கள் அறிந்தோ அறியாமலோ தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பங்கை அவருடைய வேலையிலிருந்தே மீட்டு எடுத்துக் காட்டுவதுதான் கட்டுரையாளரின் முதற் கடமை.

முதலில் கால வரிசை

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் ஆண்டு வரிசையைப் போட்டுக்கொள்ளுங்கள். நடிகை சொன்னவை, பிறர் அவரைப் பற்றிச் சொன்னவை, அச்சில் பதிவானவை என்று மூன்று பத்திகள் பிரித்து, ஒவ்வொரு தகவலையும் உரிய பத்தியில் எழுதுங்கள். கானி பூத்தின் விஷயத்தில் முதற் பத்தி ஏறத்தாழ வெறுமையாக இருக்கும்; இரண்டாவது பத்தி நிரம்பி வழியும்; மூன்றாவது பத்திதான் உங்களைக் காப்பாற்றும். பெயர்பெற்ற கணவரோ உடன் நடித்தவரோ எழுதிய தன்வரலாறு சுவையாக இருக்கும், ஆனால் அது அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த காட்சி மட்டுமே என்பதை அந்தப் பத்திப் பிரிவு உங்களுக்கு ஒவ்வொரு வரியிலும் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

பிறந்த ஆண்டிலேயே சிக்கல் வரலாம். கானி பூத் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபோலிஸ் நகரில் பிறந்தவர் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஆண்டு 1940 என்றும் 1944 என்றும் இரு வகையாகக் குறிப்புகள் கிடைக்கின்றன. இத்தகைய இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நடிகைகளின் வயதை வைத்து ஒரு பத்தி நீட்டுவதற்கு இதை வாய்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

ஒளிபரப்புத் தேதிகளை ரசிகர்களின் நினைவிலிருந்து எடுக்காமல், அன்றைய வார இதழ்களின் நிகழ்ச்சி நிரல்களிலிருந்து எடுக்க வேண்டும். அன்று பிபிசியின் நிகழ்ச்சி நிரல் இதழாக இருந்த ‘ரேடியோ டைம்ஸ்’ பட்டியல்களைப் பல பத்தாண்டுகளுக்கு இணையத்திலேயே தேடிப் பார்க்க முடிகிறது. ஆனால் அச்சிட்ட நிரலும் சில சமயம் ஏமாற்றும். ஃபால்ட்டி டவர்ஸின் முதல் தொகுதி 1975 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 24 வரை வாரம் தவறாமல் வந்தது. இரண்டாம் தொகுதி 1979 பிப்ரவரி 19 அன்று தொடங்கி ஐந்து எபிசோடுகளோடு மார்ச் மாத இறுதியில் நின்றுவிட்டது; பிபிசியில் ஏற்பட்ட தொழில் தகராறினால் ஆறாவது எபிசோடு அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்றுதான் ஒளிபரப்பாயிற்று. எழுதியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் அந்த இடைவெளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது தெரியாமல் எழுதுபவர், ‘கடைசி எபிசோடு மட்டும் ஏன் ஏழு மாதம் தாமதமாயிற்று?’ என்ற கேள்விக்கு மணமுறிவை விடையாகச் சொல்லிவிடும் அபாயம் உண்டு. தேதி சரியாக இருந்தால் மட்டும் போதாது, தேதிக்குப் பின்னால் உள்ள காரணமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

டைட்டில் கார்டைப் படியுங்கள்

நகைச்சுவை நடிகைகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் அடிக்கடி விட்டுப்போவது அவர்கள் திரைக்குப் பின்னால் செய்த வேலை. ஃபால்ட்டி டவர்ஸின் டைட்டில் கார்டில் எழுத்து என்ற இடத்தில் ஜான் கிளீஸ், கானி பூத் என்ற இரண்டு பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. 12 எபிசோடுகளின் எழுத்துப்படியும் 1988-இல் நூலாக வந்தபோது இருவர் பெயரிலும்தான் வந்தது. அப்படியிருந்தும் ‘கிளீஸ் எழுதிய தொடர், அதில் அவருடைய மனைவியும் நடித்தார்’ என்ற வரியை இன்றும் எங்காவது படிக்க நேர்கிறது. உங்கள் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ‘எழுத்தாளர்’ என்ற சொல் ‘நடிகை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அவருடைய எழுத்துப் பணி இந்தத் தொடரோடு தொடங்கியதும் அன்று: செகாவின் சிறுகதை ஒன்றை அடியொற்றி 1974-இல் எடுக்கப்பட்ட குறும்படத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு, அதில் இளவரசியாக நடித்தவரும் அவரே.

தொடர் பிறந்த கதை பலரும் அறிந்தது. 1970-இல் கிளீஸ் இடம்பெற்றிருந்த மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவினர் படப்பிடிப்புக்காக இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள டார்க்கி நகரில் கிளெனீகிள்ஸ் என்ற விடுதியில் தங்கினார்கள். விருந்தினர்களை இடையூறாக நினைத்த அதன் உரிமையாளரின் நடத்தையைப் பொறுக்க மாட்டாமல் மற்றவர்கள் வேறு விடுதிக்குப் போய்விட, கிளீஸும் பூத்தும் மட்டும் அங்கேயே தங்கினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது ‘கிளீஸ் கவனித்தார்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அங்கே தங்கியவர்கள் இருவர், கவனித்தவர்கள் இருவர், எழுதியவர்களும் இருவர்.

அவர்கள் எழுதிய முறையும் சொல்லத் தக்கது. முதலில் வாரக்கணக்கில் கதைப்பின்னலை மட்டும் கட்டி, யார் எந்த நேரத்தில் எந்தக் கதவு வழியாக வருகிறார், யாருக்கு எது தெரியும், யாரிடம் எதை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவான பிறகே உரையாடலுக்கு வந்ததாகக் கிளீஸ் பலமுறை கூறியிருக்கிறார். அக்காலத்து அரைமணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்றின் எழுத்துப்படியைவிட இவர்களுடைய எழுத்துப்படி மிகவும் தடித்தது. பேச்சும் ஓட்டமும் அவ்வளவு நெருக்கமாக இருந்தன. முதல் எபிசோட்டின் எழுத்துப்படியை 1974-இல் படித்துப் பார்த்த பிபிசி அலுவலர் ஒருவர், பழகிப்போன பாத்திரங்களின் தொகுப்பு இது, தோல்வியைத் தவிர வேறு முடிவு இராது என்னும் பொருள்பட ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அதைப் பலரும் வேடிக்கைக்காக எடுத்துக்காட்டுவது வழக்கம். அதில் நான் காண்பது வேறு: இந்த வகை நகைச்சுவை தாளில் பாதிதான் இருக்கிறது; மீதிப் பாதி நடிப்பவர்களின் முகத்திலும் கால அளவிலும் இருக்கிறது. எழுதியவரே நடிக்கவும் செய்தபோது அந்த இரண்டு பாதிகளும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. கானி பூத்தைப் பற்றிய கட்டுரையின் மையம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பெண் பாத்திரங்களின் வரிகளை அவர் எழுதினார், ஆண் பாத்திரங்களின் வரிகளைக் கிளீஸ் எழுதினார் என்று கோடு போட்டுப் பிரிப்பது எளிது, கவர்ச்சியாகவும் இருக்கும். ஒரே மேசையில் அமர்ந்து இருவர் எழுதியதை வெளியிலிருந்து அப்படிப் பிரிக்க வழியில்லை. கூட்டாகச் செய்த வேலையைக் கூட்டாகச் செய்ததாகவே எழுதுங்கள்.

அவரை மட்டும் பார்க்கும் பார்வை

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் கேட்கும் பகுதி இதுதான். ஒவ்வொரு எபிசோட்டையும் முதல்முறை சிரிப்பதற்காகப் பாருங்கள். மறுமுறை பார்க்கும்போது, யார் பேசினாலும் கண்ணை நடிகையின் மீதே வைத்திருங்கள். இன்னொரு முறை ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டுப் பாருங்கள். தொடர், ஒத்திகைக்குப் பின் பிபிசி அரங்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் பல கேமராக்களைக் கொண்டு பதிவானது. ஆகவே நடிகர்கள் பார்வையாளர்களின் சிரிப்பு அடங்கும் வரை பாத்திரத்தை விட்டு விலகாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பை அவர் எப்படி நிரப்புகிறார் என்பதை ஒலி இல்லாமல் பார்க்கும்போதுதான் தெளிவாகக் காண முடியும்.

இரண்டாம் தொகுதியின் முதல் எபிசோட்டில் வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கிளீஸ் நடித்த விடுதி உரிமையாளன் பேசில், மனைவி சிபிலுக்குத் தெரியாமல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி வென்றுவிடுகிறான். பணத்தைப் பற்றிச் சிபிலுக்குச் சந்தேகம் வரும்போது, வென்றது பாலி என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதாகிறது. உடனே சிபில் பாலியின் பக்கம் திரும்பிக் குதிரையின் பெயர் என்ன என்று கேட்கிறாள். பாலிக்குப் பெயர் தெரியாது. சிபிலின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி பேசில் அந்தப் பெயரைக் கைச்சைகையால் காட்டத் தொடங்குகிறான். பெயரில் ஒரு பாதி பறப்பதோடு தொடர்புடையது. சைகையைத் தவறாகப் படித்துப் பாலி வேறு ஏதோ பெயரைச் சொல்லிவிடுகிறாள். தவறு என்று புரிந்த மறுநொடியே, சொன்ன தவறான சொற்களையே வேறொரு வாக்கியத்துக்குள் இழைத்து, சரியான பெயரில் கொண்டுபோய் முடிக்கிறாள்.

இந்தக் காட்சியில் எல்லோருக்கும் நினைவிருப்பது கிளீஸின் நீண்ட கைகால்கள். ஆனால் சிரிப்பைத் தாங்கி நிற்பது பூத்தின் கண்கள். அவர் சிபிலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதே வேளையில் சிபிலின் தோளுக்கு மேலே தெரியும் சைகையைப் படித்துக்கொண்டும் இருக்க வேண்டும். படிக்கிறார் என்பது நமக்குத் தெரிய வேண்டும், சிபிலுக்குத் தெரியக் கூடாது. பார்வை அரைக் கணம் கூடுதலாகப் பின்னால் நிலைத்தால், இவ்வளவையும் கவனிக்காத சிபில் நம் கண்ணில் முட்டாளாகிவிடுவாள். அப்படி ஆனால் தொடரின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும், ஏனெனில் பேசிலின் அச்சத்துக்குக் காரணமே சிபிலின் கூர்மைதான். தமிழில் இதை ‘டைமிங்’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. கட்டுரையில் அந்தச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். காட்சியில் யாருக்கு எது தெரியும், நடிகையின் பார்வை எங்கே இருக்கிறது, எந்தக் கணத்தில் மாறுகிறது என்ற மூன்றையும் எழுதினால், தொடரைப் பார்க்காத வாசகருக்கும் அந்தத் திறமை விளங்கும்.

திருமண நாள் எபிசோட்டையும் இதே முறையில் பார்க்கலாம். கணவன் மறந்துவிட்டான் என்று கோபித்துக்கொண்டு சிபில் வெளியேறிவிட, விருந்துக்கு வந்த நண்பர்களிடம் அவள் நோயுற்றுப் படுத்திருப்பதாகப் பேசில் சொல்லிவிடுகிறான். நண்பர்கள் பார்த்தே தீருவோம் என்கிறார்கள். பாலி பொய்முடி வைத்துக்கொண்டு இருட்டறையில் சிபிலாகப் படுக்க வேண்டியதாகிறது. இதற்கு அவள் சும்மா உடன்படுவதில்லை. கார் வாங்கத் தனக்கு வேண்டிய பணத்தைக் கேட்டுப் பேரம் பேசிய பிறகே ஒப்புக்கொள்கிறாள். பாலி வெறும் நல்ல பெண் அல்லள் என்பதை அந்தப் பேரம் காட்டுகிறது. அந்த விடுதியில் நடக்கும் பைத்தியக்காரத்தனத்தின் நடுவே தெளிந்த புத்தியோடு இருப்பவள் அவள். அந்தத் தெளிவே அவளை ஒவ்வொரு பொய்யிலும் கூட்டாளியாக்குகிறது. நடுநிலைப் பாத்திரம் என்று விமர்சகர்கள் எளிதாகக் கடந்துபோகும் இத்தகைய பாத்திரங்களில்தான் நகைச்சுவை நடிகைகளின் உழைப்பு மிகுதியாகப் புதைந்து கிடக்கிறது.

பிறப்பால் அமெரிக்கரான பூத், ஆங்கிலேயப் பேச்சு வழக்கில்தான் பாலியைப் பேச வைத்தார். ஓர் எபிசோட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் தமக்குப் பழகிய சாலட்டைக் கேட்டு, அது கிடைக்காமல், ஆங்கிலேய விடுதிகளின் உபசரிப்பையே வறுத்தெடுக்கிறார். இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரின் கண் எழுத்து மேசையில் இருந்தது அந்த எபிசோட்டுக்கு வலுச் சேர்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்; நீங்களும் இப்படி ஏதேனும் எழுதினால், ஊகம் என்று தெரியும்படியே எழுதுங்கள்.

ஒரே பாத்திரத்தில் அடைத்துவிடாமல் இருப்பது

பாலிக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். மான்ட்டி பைத்தானின் தொலைக்காட்சித் தொடரில் அவர் பலமுறை தோன்றினார். 1975-இல் வந்த அக்குழுவின் ஆர்தர் மன்னர் படத்தில், ஊரார் சூனியக்காரி என்று இழுத்துவரும் பெண்ணாக நடித்தார். 1981-இல் பிபிசி ஒளிபரப்பிய ஒரு நாடகத்தில், தந்தையின் வன்கொடுமைக்கு ஆளாகி மனநிலை குலைந்த பெண்ணாக நடித்துப் பாராட்டுப் பெற்றார். 1980-களில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைத் தழுவிய தொலைக்காட்சிப் படங்களிலும் நடித்தார். நகைச்சுவை நடிகை என்ற அடையாளம் வலுவாக ஒட்டிக்கொண்டவர்களின் பிற வேடங்களைப் பற்றி அன்றைய நாளிதழ் விமர்சனங்களைத் தவிர வேறு பதிவு கிடைப்பது அரிது. நூலகங்களில் அவற்றைத் தேடிப் படித்து, இரண்டு மூன்று வேடங்களையாவது வாசகர் கண்முன் நிறுத்தும் அளவுக்கு எழுதுவது நல்லது. வெறும் பட்டியல் போட்டால் யாரும் படிப்பதில்லை.

திருமணமும் மணமுறிவும்

இருவரும் 1968-இல் மணந்தார்கள். 1971-இல் மகள் பிறந்தார். 1978-இல் மணமுறிவு ஆயிற்று. இரண்டாம் தொகுதி ஒளிபரப்பானபோது அவர்கள் கணவன் மனைவி அல்லர், ஆனால் ஆறு எபிசோடுகளையும் சேர்ந்தே எழுதி, சேர்ந்தே நடித்திருந்தார்கள். இதற்கு மேல் எழுத வேண்டுவதில்லை. பேசிலும் சிபிலும் சண்டையிடுவதைப் பார்த்து அதில் எழுதியவர்களின் குடும்ப வாழ்க்கையைத் தேடுவது, படைப்பையும் வாழ்க்கையையும் ஒருசேரச் சிறுமைப்படுத்துவதாகும். மணவாழ்க்கை முறிந்த காலத்திலும் இரண்டு கலைஞர்கள் ஒரே மேசையில் அமர்ந்து இத்தனை நுட்பமான ஆறு கதைகளைக் கட்டினார்கள் என்ற செய்திதான் வியக்கத்தக்கது, அதைச் சொல்லுங்கள்.

விலகலை எழுதும் விதம்

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் தடம் புரள்கின்றன. ‘மறைந்துபோனார்’, ‘தலைமறைவானார்’, ‘புகழை உதறினார்’ போன்ற சொற்களை எடுக்காதீர்கள். கானி பூத் எங்கும் மறைந்துவிடவில்லை. அவர் லண்டனில் முறையாகப் பயின்று இன்னொரு தொழிலில் சேர்ந்தார். 2000-இல் நாடக விமர்சகர் ஜான் லாரை மணந்தார். ஓர் அலுவலர் வேலையை விட்டுவிட்டு ஆசிரியரானால் நாம் அதை மர்மம் என்று எழுதுவதில்லை. நடிகைக்கும் அதே நியாயம் உண்டு.

அவர் ஏன் தொடரைப் பற்றிப் பேசவில்லை என்ற கேள்விக்கு, அவர் வாயால் வராத விடையை நீங்கள் எழுதக் கூடாது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த தொழிலின் இயல்பை வாசகருக்கு விளக்கலாம். அது உங்கள் உரிமையும் கடமையும் ஆகும். உளச்சிகிச்சையில், அதிலும் உளப்பகுப்பாய்வு மரபைச் சார்ந்த முறைகளில், சிகிச்சையாளர் தம் சொந்த வாழ்க்கையைப் பற்றி மிகக் குறைவாகவே வெளிப்படுத்துகிறார். எதிரே அமர்ந்திருப்பவர் தம் தாயையோ தமக்கையையோ முதலாளியையோ மனத்தளவில் அந்த நாற்காலியில் அமர்த்திப் பார்ப்பதற்கு இடம் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த இடத்தில் ஊரே அறிந்த ஒரு தொலைக்காட்சிப் பாத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டால் வேலை கடினமாகும் என்பதை எவரும் உணர முடியும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதுவே அவருடைய காரணம் என்று முடிச்சுப் போடாமல் விடுங்கள்.

முடிச்சுப் போடத் தூண்டும் பொருத்தங்கள் வேறும் உண்டு. 1979 பிப்ரவரி 26 அன்று வந்த எபிசோட்டில், விடுதியில் தங்க வந்திருப்பவர் மனநல மருத்துவர் என்று அறிந்ததும் பேசில் நிலைகுலைந்து போகிறான். அந்தக் கதையை எழுதிய இருவரில் ஒருவர் பிற்காலத்தில் உளச்சிகிச்சையாளரானார். இரண்டு செய்திகளையும் அருகருகே வையுங்கள், தவறில்லை. ஒன்று மற்றதன் விதை என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்குச் சான்று கிடையாது.

அவருடைய மௌனமும் முழு மௌனம் அன்று. இரண்டாம் தொகுதி வந்து முப்பது ஆண்டுகள் ஆனதையொட்டி 2009-இல் பிரிட்டனின் கோல்டு தொலைக்காட்சி தயாரித்த ஆவணப்படத்துக்காக அவர் தொடரைப் பற்றிப் பேசினார். பேச ஒப்புக்கொண்ட அந்த ஒருமுறையை உங்கள் கட்டுரையின் முதன்மைச் சான்றாகக் கொள்ளுங்கள். தாமே தேர்ந்த இடத்தில், தாமே தேர்ந்த நேரத்தில் ஒருவர் சொன்னதற்கு, வேறு பத்துப் பேர் அவரைப் பற்றிச் சொன்னதைவிட மதிப்பு அதிகம்.

இதே தொடரில் சிபிலாக நடித்த புரூனெல்லா ஸ்கேல்ஸின் வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலகல் என்பது எல்லோருக்கும் ஒரே வகையானது அன்று என்பது விளங்கும். அவரை நடிப்பிலிருந்து மெல்ல விலக்கியது மறதி நோய். ஆனால் அவரும் அவருடைய கணவரான நடிகர் டிமத்தி வெஸ்ட்டும் அதை மறைக்கவில்லை. 2014-இலிருந்து சானல் 4-இல் வந்த கால்வாய்ப் படகுப் பயணத் தொடரில், நோய் முற்றிவரும் நிலையிலும் இருவரும் சேர்ந்து படகு ஓட்டினார்கள், நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். வெஸ்ட் 2024-இலும் ஸ்கேல்ஸ் 2025-இலும் காலமானார்கள். ஸ்கேல்ஸின் நோயைப் பற்றிக் கட்டுரையில் விரிவாக எழுதலாம், ஏனென்றால் அந்தக் கதவைத் திறந்தவர்கள் அவர்களே. பூத்தின் இன்றைய வாழ்க்கையைப் பற்றி எழுதலாகாது, ஏனென்றால் அவர் அதைத் திறக்கவில்லை. ஒரே தொடரின் இரண்டு நடிகைகளுக்கு இரண்டு வேறு எல்லைகள்; எல்லையை வகுக்கும் உரிமை அவரவருடையது.

நேரில் அணுகுவது பற்றி

உயிரோடு இருக்கும் நடிகையாக இருந்தால், அவருக்கு முகவரோ பதிப்பகமோ இருக்குமானால், அவ்வழியாக ஒரு கடிதம் எழுதலாம். எதைப் பற்றி எழுதுகிறீர்கள், எவ்வளவு நீளம், எங்கே வரும், அவருடைய எந்த வேலையைப் பற்றி என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்பவற்றை ஒரே பக்கத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். கேள்விகள் வேலையைப் பற்றியவையாக இருந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும். விருப்பமில்லை என்று பதில் வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதோடு நின்றுகொள்ளுங்கள். வீட்டு வாசலுக்குப் போவது, அண்டை வீட்டாரை விசாரிப்பது, உறவினரின் சமூக ஊடகப் பக்கத்திலிருந்து படம் எடுப்பது ஆகியவை கூடவே கூடாது. சிகிச்சையாளராகவோ மருத்துவராகவோ ஆசிரியராகவோ அவர் இரண்டாவது தொழில் செய்திருந்தால், அவரிடம் வந்துபோனவர்களைத் தேடிப் பேசுவது அந்த மூன்றாம் மனிதர்களின் அந்தரங்கத்தையும் குலைத்துவிடும்.

எழுதும்போது

வரிசையைப் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பூத்தைப் பற்றி எழுதினால், குதிரையின் பெயரைக் கேட்கும் அந்தக் காட்சியிலிருந்தோ, டைட்டில் கார்டில் உள்ள இரண்டு பெயர்களிலிருந்தோ தொடங்குவேன். இண்டியானாபோலிஸை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுவேன். கட்டுரையின் பாதிக்கும் மேற்பட்ட இடத்தை வேலை எடுத்துக்கொள்ள வேண்டும், விலகலுக்கு ஆறில் ஒரு பங்கு போதும்.

‘சிரிப்பு ராணி’, ‘நகைச்சுவைப் புயல்’ போன்ற பட்டங்களைச் சூட்டாதீர்கள். அவை எந்த நடிகைக்கும் பொருந்தும், ஆகையால் எவரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. நகைச்சுவை வரிகளைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, வாசகர் சிரிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலேடையை விட்டுவிட்டு நிலைமையை விளக்குங்கள். பெயர்களைத் தமிழில் எழுதும் முறையைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வைத்திருங்கள்; ஓரிடத்தில் கானி, இன்னோரிடத்தில் கோனி என்று வந்தால் தேடுபவருக்குத் தொல்லை.

வெளியிடுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டுரையிலுள்ள ஆண்களின் பெயர்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டு, அந்த வாக்கியங்களில் வினைமுற்றுக்கு எழுவாய் யார் என்று பாருங்கள். ‘அவர் வாய்ப்பளித்தார்’, ‘அவர் அறிமுகப்படுத்தினார்’, ‘அவர் அவரைப் பிரிந்தார்’ என்று நடிகை எங்கும் செயப்படுபொருளாகவே இருந்தால், கட்டுரையைத் திருப்பி எழுத வேண்டும். ‘எழுதினார்’, ‘நடித்தார்’, ‘விலகினார்’, ‘பயின்றார்’, ‘பேச ஒப்புக்கொண்டார்’ என்ற வினைகளுக்கெல்லாம் எழுவாயாக அவரே நிற்க வேண்டும்.

வெளியான பிறகு யாரேனும் தேதியையோ பெயரையோ திருத்தி எழுதினால், சான்றைச் சரிபார்த்து உடனே மாற்றி, மாற்றிய நாளைக் கட்டுரையின் அடியில் குறித்து வையுங்கள். அந்த நடிகையிடமிருந்தோ அவர் குடும்பத்திலிருந்தோ ஒரு தனிப்பட்ட தகவலை நீக்கும்படி வேண்டுகோள் வந்தால், அந்தத் தகவல் அவருடைய கலைப்பணியைப் புரிந்துகொள்ளத் தேவையானதா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.